மாமா ஏறி வந்த பச்சைக் கோட்டு ரயில்

எங்கள் வீட்டில் பொய் கண்டுபிடிக்கும் உத்தியோகம் எனக்கு ஒன்பது வயதில் கிடைத்தது. அப்பா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அம்மாவுக்குக் கையெழுத்து வைக்க மட்டும் வரும். ஆகவே லண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டுக்குக் கவுன்சிலில் இருந்து வரும் கடிதங்களை நான்தான் வாசித்து, நல்ல கடிதமா கெட்ட கடிதமா என்று தீர்ப்புச் சொல்வேன். அந்த மிதப்பில் மனிதர்களையும் அப்படி வாசித்துவிடலாம் என்று நம்பியிருந்தேன்.

அந்தப் பங்குனியில் அம்மாவின் தம்பி யப்பானில் இருந்து வந்து சேர்ந்தார். யப்பானில் இருந்து என்று அவர்தான் சொன்னார். கொழும்பில் விமானம் ஏறியபிறகு ஐந்து மாதம் அவரிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருந்து மெலிந்துபோயிருந்தார். வந்தவரோ, ரோக்கியோவில் பெரிய கொம்பனியில் வேலை, எழுத நேரம் கிடைக்கவில்லை என்றார்.

அப்பா நம்பவில்லை. சண்டை நடந்த அந்த நாட்களில் ஊரைவிட்டு வெளிக்கிட்ட ஒருவர் இடையில் எந்த இயக்கத்தோடு, யாரோடு நின்றார் என்பது சின்னக் கேள்வி அல்ல. மாமாவிடம் பேசினால் "நீர்" என்பார். அம்மாவிடம் "உம்மடை தம்பி" என்பார். மச்சான் என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை.

"பிள்ளையள் இருக்கிற வீடு. அஞ்சு மாதம் ஆரோடை நிண்டவர் எண்டு தெரியாமல் வைச்சிருக்க ஏலாது," என்று குசினிக்குள் அப்பா சொன்னது எனக்குக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வரைதான் தவணை. அதற்குள் உண்மை வராவிட்டால் மாமா பெட்டியோடு வெளியே போகவேண்டும். போய்த் தட்டுவதற்கு லண்டனில் அவருக்கு வேறு கதவு இல்லை. அம்மா அழவில்லை, அன்றைக்குச் சொதியில் உப்பு இரண்டுதரம் விழுந்திருந்தது.

நான் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினேன்.

கொம்பனியில் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். எல்லாம் செய்வார்கள் என்றார். கோபுரம் பார்த்தாரா? இல்லை. அரண்மனை? அதுவும் இல்லை. எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு ரயிலில் ஏறிவிடுவார். நகரத்தை வட்டமாகச் சுற்றும் மின்சார ரயில். சில்வர்ச் சட்டி மாதிரி மினுங்கும் உடம்பில் ஒரு இளம்பச்சைக் கோடு. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பக்கத்துக்கு நாலு கதவு. சுவரோரம் நீளமான சீற்றுகள், அவற்றுக்குக் கீழேயிருந்து சூடு வரும். யப்பான் எழுத்து அவருக்குத் தெரியாது, ஆனால் பெட்டியில் எழுதியிருந்த இலக்கம் தெரியும்: இருநூற்றைந்து. தரிப்பிடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் மாதிரி ஒப்புவிப்பார். உவேனோ, ஒக்கச்சிமச்சி, அக்கிகபாரா, கண்டா... இருபத்தொன்பதும் முடிந்து மறுபடி உவேனோ வரும்.

"ஆரைக் கண்டது மாமா?" என்று தங்கச்சி சிரிப்பாள்.

"ஒருத்தரையும் காணேல்லையம்மா," என்பார்.

சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன். உலகத்து ரயில்கள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றில் அது இருந்தது. 205 என்றே போட்டிருந்தது. நாலு கதவும் சரி. எனக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. மாதக்கணக்காக இருந்த ஊரில் ஒரு தெருவும் தெரியாது, ஒரு ரயில் மட்டும் அச்சுப் பிசகாமல் தெரியும் என்றால், அதை எங்கோ பார்த்துப் பாடமாக்கியிருக்க வேண்டும். பள்ளிக்கூடச் சோதனைக்கு நானும் அப்படித்தான் செய்வேன். புத்தகத்தில் படம் கறுப்பு வெள்ளை என்பதையும், மாமாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது என்பதையும் நான் கொப்பியில் எழுதவில்லை.

ஞாயிறு பின்னேரம் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடிந்து அப்பா வந்ததும், மாமாவை வைத்துக்கொண்டே என் அறிக்கையை உரத்து வாசித்தேன். மாமா கோபிக்கவில்லை. அம்மா கொண்டுவந்து வைத்த தேநீரைத் தொடாமல், தன் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பெட்டி ஏற்கெனவே கதவடியில் நின்றது.

அப்பா நான் கேட்காத கேள்விகளைக் கேட்டார்.

"எந்தச் சீற்றிலை இருப்பீர்?"

"மூலைச் சீற்று, அத்தான். தலையைச் சாய்க்கலாம்."

"ஒருக்காச் சுத்த எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலம்."

அப்பா தன் கதிரையை மாமாவின் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு, "இஞ்சத்தை ரயில் அம்பது நிமிசம்," என்றார்.

லண்டனைச் சுற்றும் ரயிலைத்தான் சொன்னார். வரைபடத்தில் அது மஞ்சள் நிறம். எங்களுக்கு முதலே தனியாக வந்தவர் அவர். அந்த முதல் குளிர்காலத்தைப் பற்றி எப்போது கேட்டாலும், மஞ்சள் கோட்டில் திரிந்தேன் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார். எங்கேயோ வேலைக்குப் போய்வந்திருக்கிறார் என்று நான் விளங்கிக்கொண்டிருந்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தினை சுத்து?" என்று அப்பா கேட்டார்.

மாமா குசினிப் பக்கம் பார்த்தார். அங்கே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. "விடியத் தொடங்கினால் பதினாறு, பதினேழு," என்றார் மெதுவாக. "கூட்டிக்கொண்டு போன ஏஜென்சிக்காரன் நடுவழியிலை விட்டிட்டுப் போட்டான், அத்தான். வெளியிலை பனி. அக்காவுக்குச் சொல்லவேண்டாம். நான் வேலை செய்தனான் எண்டே நினைச்சுக்கொண்டிருக்கட்டும்."

அப்பா எழுந்துபோய்க் கதவடியில் நின்ற பெட்டியைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனார். இறங்கி வந்து, "மச்சான், தேத்தண்ணி ஆறுது. குடி," என்றார்.

மறுநாள் காலையில் தன்னுடைய பழைய குளிர்ச்சட்டையை மாமாவுக்குப் போட்டுவிட்டு, வேலை கேட்கப் பெற்றோல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "மாமா கொம்பனியில் வேலை செய்யவில்லை. நாள் முழுக்க ரயிலில் சும்மா சுற்றியிருக்கிறார். பொய் நிரூபிக்கப்பட்டது. அப்பா படிக்காதவர் என்றபடியால் ஏமாந்துவிட்டார்."

கடைசி வசனத்துக்குக் கீழே கோணாமல் அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடும் போட்டிருக்கிறேன்.