நடு ஹாலில் ஒரு தூண்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் கட்டவிருந்த வீட்டின் வரைபடத்தில், ஹாலுக்கு நடுவே ஒரு தூண் இருந்தது. மாடிச் சுவருக்கு ஹாலோ பிளாக்தான் வைக்க வேண்டும், எடை குறையும் என்று இன்ஜினியர் எழுதியே கொடுத்திருந்தார். வரைந்து கொடுத்ததோடு அவர் வேலை முடிந்தது. அஸ்திவாரம் தோண்டிய அன்று என் அண்ணன் வந்து இரண்டும் வேண்டாம் என்று அடித்துச் சொன்னார்.

கைலாசபுரம் ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைப் பற்றியும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. மாதிரிக்கு வந்த பிளாக்கை விரல் முட்டியால் தட்டினார்.

"உள்ள ஒண்ணுமே இல்லடா. பிஸ்கட் டப்பா. மாடிக்கும் செங்கல்தான்."

பிறகு தூண் வரவேண்டிய இடத்துக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "வாஸ்துப்படி வீட்டோட நடு இது, பிரம்மஸ்தானம். இங்க தூண் நட்டா உன் நெஞ்சுல நட்ட மாதிரி."

மேஸ்திரி அவருக்குத் தலையாட்டினார். "பீம்ல ரெண்டு கம்பி சேத்துப் போட்டா தாங்கிடுங்க. இன்ஜினியர் சார்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

மேஸ்திரியிடம் சரி என்றேன். இன்ஜினியரைக் கேட்கவில்லை. கேட்டால் அவர் கூடாது என்பார். அதை அண்ணனிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதில் அந்தப் பயம் எனக்கு.

மாடியில் செங்கல் சுவர் ஜன்னல் உயரம் வந்த நாள், என் மகள் கீழே ஹாலில் குந்தி, சோபா வரும் இடத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். மேலே ஏதோ முறிகிற சத்தம். அண்ணாந்து பார்த்துப் பின்னால் சாய்ந்தாள். பீமின் அடியிலிருந்து பெயர்ந்த கான்கிரீட் பாளம் அவள் கோட்டின் மேல் விழுந்து உடைந்தது. "அப்பா" என்றாள்.

இன்ஜினியர் வந்து முட்டுக் கொடுக்க வைத்தார். மாடிச் சுவரை இடிக்கச் சொன்னார். "யாரைக் கேட்டு சார் தூணை எடுத்தீங்க?" அண்ணனின் பெயர் வாய்வரை வந்தது. சரி என்று சொன்னது நான்.

தரையைத் தோண்டித் தூணை எழுப்பினோம். கிரகப்பிரவேசத்தன்று தில்லை நகரிலிருந்து வந்த அண்ணன் வாசலிலேயே நின்று அதைப் பார்த்தார்.

"என் பேச்சுக்கு மரியாதை இல்லாத வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

"வேணாம்ண்ணே. போயிட்டு வாங்க."

அவர் போய்விட்டார். அது எனக்கு வலிக்கவில்லை. மகள் இன்னும் ஹாலைச் சுவரோரமாகத்தான் கடக்கிறாள். "அதான் தூண் இருக்கேம்மா" என்றேன் ஒருநாள்.

"அது அப்புறம் வந்ததுதானேப்பா" என்றாள்.