கோவிந்தசாமி எழுதிய கட்டுரை

இன்று போர்ட் கிள்ளான் போகும் கொம்யூட்டர் ரயிலில் என் பக்கத்தில் ஒரு பெண், மடியில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்தாள். ஓர் அறிவியல் இதழுக்குக் கட்டுரை அனுப்பிக்கொண்டிருந்தாள். படங்களின் அளவு, மேற்கோள் பட்டியல் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, கடைசியில் தன் பெயரில் மாட்டிக்கொண்டாள்.

குடும்பப் பெயர் கொடுக்காமல் அடுத்த பக்கம் திறக்கவில்லை. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஐசி அடையாள அட்டையில் நம் பெயர், அப்புறம் மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி, அப்புறம் அப்பா பெயர். அவ்வளவுதான்.

"போன தடவ 'ஏ/பி'ன்னு போட்டுட்டேன்கா. இப்பவும் தேடினா, ஏ/பின்னு ஒருத்தர் எழுதினதாத்தான் வருது," என்றாள் என்னிடம்.

சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அப்பாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். துறைமுகத்தில் லோரியோடு வரிசையில் நிற்கிறாராம்.

"அப்பா, கோவிந்தசாமின்னு உங்க பேரத்தான் குடும்பப் பேரா போடப் போறேன். இனிமே என் கட்டுரைய அந்தப் பேர்லதான் சொல்லுவாங்க."

"நான் ஒண்ணுமே எழுதலையேம்மா! யாராச்சும் கேள்வி கேட்டா என்னா சொல்றது?"

"உங்கள கேக்க மாட்டாங்க லா."

அங்கே பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.

"அப்ப சரி. அம்மா பேரப் போட எடம் இருக்கான்னு பாரு. அவதானே உன்ன படிக்க வெச்சா."

நானும் எட்டிப் பார்த்தேன். அதற்குக் கட்டம் இல்லை.

உங்கள் கட்டுரைகளை யார் எழுதியதாகப் போட்டிருக்கிறார்கள்? ஏ/எல், ஏ/பி ஆசிரியர்களும் வெட்கப்படாமல் கமென்டுக்கு வரலாம்.