நீந்தி வந்ததா, விழுந்து வந்ததா

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் 'சல்லடை அக்கா'. நியமன உத்தரவில் பதவியின் பெயர் ஒன்றரை வரிக்கு நீளும். அது அவளுக்கே வாயில் நுழையாது. பத்தொன்பது வருடங்களாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, நுண்ணோக்கிக்குள் தலையைக் கவிழ்த்து, நுனி மெலிந்த இடுக்கியால் கடலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

கரையிலிருந்து கப்பலில் இரண்டு நாள் போனால், நங்கூரம் போட்ட ஒரு நீளக் கயிற்றில் இரண்டு பெரிய புனல்களைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒன்று ஐந்நூறு மீட்டர் ஆழத்தில், இன்னொன்று மூவாயிரம் மீட்டரில். வெயில் படுகிற மேல்நீரில், கண்ணுக்குத் தெரியாத பாசிகள் காற்றிலிருந்து கரைந்த கரியை, அதாவது கார்பனை, பிடித்து உடம்பாக்கிக்கொள்கின்றன. அவற்றை ஒன்று தின்கிறது, அதை இன்னொன்று தின்கிறது. எச்சம், செத்த உடல், சளி எல்லாம் தூசி மாதிரி ஓயாமல் கீழே இறங்குகின்றன. வெளிச்சமே எட்டாத ஆழத்தில் கிடப்பவற்றுக்கு அதுதான் சாப்பாடு. அந்தத் தூசியைத்தான் புனல்கள் பிடித்தன. ஒவ்வொரு புனலுக்கும் அடியில் இருபத்தொரு குப்பிகள். பதினைந்து நாளுக்கு ஒன்றாக மோட்டார் திருப்பிவிடும். கெட்டுப்போகாமல் இருக்க எல்லாவற்றிலும் ஃபார்மலின்.

அங்கேதான் சிக்கல். விழுந்தவை மட்டுமா வரும்? மோப்பம் பிடித்துக்கொண்டு உயிரோடு நீந்தி வந்து, உள்ளே மாட்டிச் செத்தவையும் இருக்கும். அவற்றைச் சேர்த்து எடை போட்டால் கீழே போகும் கரி எவ்வளவு என்பது தப்பாகிவிடும். ஆகவே நீந்தி வந்தவற்றைப் பொறுக்கித் தனி பாட்டிலில் போட வேண்டும். அதுதான் அக்காவின் வேலை.

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். இந்தக் கதையை ஆயிரம் தடவை கேட்டவர்.

"கீழ போன கரி திரும்ப எப்ப மேல வரும்?"

"நூறு வருஷம் ஆகலாம், ஆயிரமும் ஆகலாம்னு எங்க லேப் மேடம் சொல்றாங்க."

"கொடுத்து வச்சவங்க. எங்க லிஃப்ட் அரை மணி நேரம் நின்னாலே கட்டடத்தையே இடிச்சுடற மாதிரி கத்தறாங்க."

இப்படிச் சிரித்துக்கொண்டே போன வாழ்க்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கீழ்ப்புனலின் ஒன்பதாம் குப்பி வந்து உட்கார்ந்தது. மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வழக்கமாக அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல் நிறச் சேறுதான் இருக்கும். இதில் கழுத்துவரை கொழகொழவென்று ஏதோ. சால்ப்: விரல் நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கும், எலும்பில்லாத உயிரி. டஜன் கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

அதே பதினைந்து நாளில் மேல்புனல் பிடித்த குப்பியைத் தேடி எடுத்தாள். அதில் ஒரு சிட்டிகைத் தூசி. மேலே ஒன்றுமில்லை, கீழே நிரம்பி வழிகிறது! தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேனோ என்றுதான் முதலில் நினைத்தாள். எடை போடுகிற தராசுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கப்பலில் எழுதிய எண்ணையும் மூடியில் பொறித்த எண்ணையும் மூன்று தடவை ஒப்பிட்டார்.

"எண்ணெல்லாம் சரியாத்தான் இருக்கு. கடல்தான் மாத்தி வச்சிருக்கு போல. வழக்கம்போல நீந்தினதுல போட்டுட்டு அடுத்ததைப் பாருங்க."

வழக்கம் அதுதான். முழு உடம்போடு இருந்தால் நீந்தியது என்று வழிகாட்டித் தாளில் அச்சிட்டிருந்தது. அக்கா பொறுக்கத் தொடங்கினாள். பாதி பாட்டில் நிறைந்திருக்கும். அப்போது இடுக்கி நுனியில் இருந்த ஒன்றின் உள்ளே, குழாய் முழுக்கச் சாம்பல் தூசி அடைத்திருப்பதைப் பார்த்தாள். அடுத்ததிலும் அப்படியே. தசைகள் நைந்து தொங்கின. உயிரோடு நீந்தி வந்தது இப்படியா இருக்கும்? அதுவுமில்லாமல், இந்த வகை வாழ்வது மேல்நீரில்தானே? மூவாயிரம் மீட்டருக்கு இது நீந்தி வர என்ன வேலை?

கை நின்றுவிட்டது. அப்புறம்தான் அடுத்த கேள்வி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. இதுவரை கீழ்ப்புனலில் வந்த சால்ப்புகளையெல்லாம் நான் எங்கே போட்டேன்?

மேடம் அவளைவிட ஓரிரு வயது சின்னவர், ஆய்வுக்கூடத்தின் தலைவி. நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"செத்து விழுந்தது மாதிரிதான் தெரியுது. ஆனா சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன். மேல்புனல்ல ஏன் வரலைன்னும் எனக்குப் புரியல. பக்கவாட்டு நீரோட்டம் எங்கிருந்தாவது தள்ளிட்டு வந்திருக்கலாம்."

"அப்ப இத்தனை வருஷமா நான் பண்ணினது தப்பா மேடம்?"

"தாள்ல இருந்ததைத்தான் பண்ணினீங்க அக்கா. அந்தத் தாளை எழுதினதே நான்தான்." மேடம் மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தார். "நீந்தி வர்ற பிராணிங்க பலது தினமும் மேல போய்ச் சாப்பிட்டு, கீழ இறங்கி வந்து எச்சம் போடுது. அதுவே கரியைச் சுமந்துட்டுதான் வருது. எது நீந்தினது, எது விழுந்ததுன்னு கோடு போட்டவங்களுக்கே அந்தக் கோடு எங்க இருக்குன்னு தெரியல."

அது ஆறுதலா, குழப்பத்தின் மேல் குழப்பமா என்று அக்காவுக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது தண்ணீரை வெறித்துப் பார்த்தபடி நின்றாள்.

"என்ன ஆச்சு?" என்றார் கணவர்.

"பத்தொன்பது வருஷமா குப்பைன்னு ஒதுக்கினது குப்பை இல்லை போலிருக்கு."

அவர் எப்போதும்போல ஒரு வேடிக்கை சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டு கேட்டார்: "தூக்கிப் போட்டுட்டியா, வச்சிருக்கியா?"

வைத்திருந்தார்கள். மறுநாள் காலை சாமான் அறையைத் திறந்தாள். பன்னிரண்டு வருடத்துப் பாட்டில்கள் அட்டைப் பெட்டிகளில் அடுக்கியிருந்தன. அதற்கு முந்தைய ஏழு வருடத்தவை, இடம் போதாமல் எப்போதோ கொட்டப்பட்டுவிட்டன. மூன்று வாரம், ஃபார்மலின் நெடியில் கண் எரிய, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். சிலவற்றில் குழாயும் உள்ளே தூசியும் தெளிவாகத் தெரிந்தன. சிலவற்றில் எல்லாம் கரைந்து கலங்கலாகிக் கிடந்தது; எது எது என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது.

விழுந்தவைதான் என்று நான்கு பாட்டில்கள் மட்டும் உறுதியாகத் தேறின. நான்கே நான்கு. அந்த நான்கையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, அந்த வருடங்களில் ஆழத்துக்குப் போன கரி, முன்பு எழுதியதைவிட நன்றாகவே கூடியது. மேடம் பழைய கட்டுரைக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பினார். கொட்டிப்போன ஏழு வருடத்துக்கு எதிரே 'தெரியாது' என்று போட்டார். வழிகாட்டித் தாளை மாற்றி எழுத அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். விழுந்தது, நீந்தியது என்று இருந்த இரண்டு கட்டங்களோடு மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது: 'சொல்ல முடியவில்லை'.

அந்த ஏழு வருடம் அக்காவை எளிதில் விடவில்லை. பாத்திரம் துலக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் திடீரென்று நினைவு வரும். கொட்டியதில் என்ன இருந்ததோ, ஒன்றுமே இல்லாமல்கூட இருந்திருக்கலாம். யாரிடம் கேட்பது?

அடுத்த வருடம் கப்பல் புதிய குப்பிகளோடு வந்தது. முதல் குப்பியிலேயே வாலும் காலும் சுருண்ட, சிவந்த இறால் மாதிரி ஒன்று. அக்கா இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தாள். தராசுக்காரர் வாசலில் நின்று, "என்ன அக்கா, எந்தக் கட்டம்?" என்றார்.

"இருங்க, அதைத்தான் யோசிக்கறேன்," என்றாள்.