நான்கு எலுமிச்சம்பழங்கள்

அரிய கார்களைக் குறித்துவைக்கும் என் நோட்டில் சென்ற ஜூலையில் எழுதியது: “புளியறை சோதனைச் சாவடி. மஞ்சள் நிற அதிவேகக் கார். உலகில் ஐம்பதே என்கிறார் உரிமையாளர்.” இன்று அதே சோதனைச் சாவடி அருகே அவர் கறுப்புக் காருடன் நிற்கிறார். இது பத்தே பத்தாம். மலையேறும் முன் சக்கரங்களுக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் வாங்குகிறார். கண் கைபேசியில் இருக்கிறது.

“போன தடவ பழம் நசுங்கையில சந்தோசத்துல கண்ணு கலங்குனீயளே அண்ணாச்சி?” என்கிறாள் பழக்காரி.

“இப்ப அப்படி ஒண்ணும் தோண மாட்டேங்கு, தங்கச்சி.”

“அப்ப இன்னைக்கு நான் வைக்கல. நீங்களே குனிஞ்சு வைங்க.”

சாரலில் முழங்கால் ஊன்றி நான்கு பழங்களையும் அவரே வைக்கிறார். சேறு படிந்த கால்சட்டையோடு ஏறி வண்டியை நகர்த்துகிறார். பழங்கள் நசுங்கும் சத்தத்தில் சிரித்துவிடுகிறார்.

சிரித்ததை நான் பார்த்தேன். உலகில் பத்துதானா என்பதை இன்னும் சரிபார்க்கவில்லை.