உபயகாரர்களின் கணினி

வெளிநாட்டிலுள்ள எங்கள் தீவார் சங்கம் ஒன்று தமிழிலேயே ஓடும் இயங்குதளம் ஒன்றை உருவாக்கியது. மேசைக் கணினியைத் திறந்தால் எல்லாம் தமிழ். ஆனால் கடிதம் எழுதலாம், கடிகாரம் பார்க்கலாம், அவ்வளவுதான். செயலி எழுத ஆள் வேண்டும் என்பது பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது.

ஆள் பிடிக்க அவர்கள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. செயலி எழுதுகிறவனுக்குக் கையேடு வேண்டும், சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். இவர்களோ திருவிழா நோட்டீஸ் போல ஒன்று அடித்து, ஊரில் மடத்துவெளியில் மண்டபம் எடுத்து, நாற்பது பொன்னாடைகள் வாங்கி வைத்தார்கள். நிரல் எழுதத் தெரிந்தவனாகப் போனது நான் ஒருவன்தான். எனக்கு ஒன்று போக, மிச்சப் பொன்னாடைகளெல்லாம் பிரமுகர்களின் தோள்களில் ஏறின.

விடுமுறைக்கு வந்திருந்த தலைவர் மேடையில் திட்டத்தை விளக்கினார். திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம் அல்லவா? அதேபோல ஒவ்வொரு செயலியும் ஒரு குடும்பத்தின் உபயம். செலவு அவர்களுடையது, செயலியைத் திறந்தால் அவர்கள் வீட்டில் காலமான ஒருவரின் படம் வரும். கிணற்றிலும் பஸ் தரிப்பிடத்திலும் பெயர் வெட்டி முடித்தவர்களுக்குப் புது இடம் கிடைத்துவிட்டது. கைதட்டல் அடங்க நேரமெடுத்தது.

நான் எழும்பி வந்திருக்க வேண்டும். வராததற்குக் காரணம், குறிகட்டுவான் துறையில் படகேறுகிறவர்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதும் ஒரு அக்கா. அவருக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. எழுத முடியாமல் போனால் வேலையும் போய்விடும். அவருக்காக ஒரு செயலி எழுதினேன். முதல் எழுத்தைத் தட்டினால் வழமையாகப் போய்வருகிறவர்களின் முழுப்பெயரும் வரும். கடைசியில் பட்டியல் அச்சாகும். சங்கம் கணினியும் பிரின்டரும் தந்தது. "இனி விரல் நோகாது அக்கா" என்று வாக்குக் கொடுத்தது நான்தான்.

அந்தச் செயலிக்கு உபயகாரர் தலைவரேதான். படம் அவருக்குப் போதவில்லை.

"அப்பான்ரை பேர் பட்டியலிலை முதலாவதா வரவேணும். நீர் செய்து தாரும்."

"அது படகிலை ஏறுற ஆக்களின்ரை பட்டியல், அண்ணை."

"ஓம், தெரியும். எல்லாரும் பாக்கிற தாள் அதுதானே."

ஏலாது என்றேன். அவர்களே இயங்குதளத்தைத் திருத்தி, அச்சாகும் பட்டியலில் முதல் ஆளாக அந்தப் பெயர் விழும்படி செய்துவிட்டார்கள். இடம் போதாதென்று 'அமரர்' என்ற சொல்லை வெட்டியும் விட்டார்கள். இதுதான் அவர்களின் தொழில்நுட்பம்.

மறுநாள் காலை நெடுந்தீவுப் படகு புறப்படவில்லை. துறையில் தலை எண்ணுகிறவர் மூன்று தரம் எண்ணினார். பட்டியலைவிட ஒரு ஆள் குறைவு. கடலில் விழுந்துவிட்டாரோ என்று சிலர் எட்டிப் பார்த்தார்கள். "ஆளை ஏத்தாமல் பேரை எழுதியிருக்கிறீர்" என்று எல்லோர் முன்னிலையிலும் ஏச்சு வாங்கியது அக்கா.

நான் ஆத்திரத்தோடு தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் வாய் திறக்க முதல் அவர் கேட்டார்: "அப்பான்ரை பேர் வடிவா விழுந்ததோ?"

அக்கா கணினியை நிறுத்திவிட்டுப் பழைய கொப்பியை எடுத்தார். வீங்கிய விரல்களுக்கிடையில் பேனையைச் செருகினார்.

"என்ரை கொப்பியிலை செத்த ஆக்கள் ஒருநாளும் ஏறேல்லை, தம்பி."

சங்கத்தின் மலரில் விழாப் படம் வந்திருக்கிறது. பொன்னாடையோடு நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.