மிரெம்பே அழுத ஆட்டம்

ரெஸ்டி நன்யொங்கா முகோனோவிலிருந்து கம்பாலாவுக்குப் பாட்மிண்டன் ஆட வந்தபோது கையில் இரவல் மட்டை, காலில் பள்ளிக்கூடச் சப்பாத்து. அந்த மேட்டு ஊரின் மெல்லிய காற்றில் இறகுப்பந்து கோட்டைத் தாண்டி ஓடும்; வேகம் குறைய இறகு நுனிகளை மடித்துவிட்டுத்தான் ஆடுவார்கள். சில வருடங்களில் நாட்டில் அவளை வெல்ல ஆளில்லை. லாகோஸ், லுசாகா என்று ஊர் ஊராகப் போய் ஜெயித்துவிட்டு வந்தாள். அப்போதெல்லாம் சங்கத் தலைவர் செபுன்யாவுக்கு அவள் சிங்கக்குட்டி.

பிள்ளை பிறந்ததும் சிங்கக்குட்டி மாடாகிவிட்டது. எல்லோர் முன்னாலும் கேட்டார் அந்த மனுஷன்: "பால்மாட்டுக்கு எதுக்கும்மா மட்டை?"

ஆப்பிரிக்கப் போட்டிக்குப் பெண்களில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். முழங்கால் ஏற்கெனவே மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. இதை விட்டால் தன் ஆட்டம் முடிந்தது என்று ரெஸ்டிக்குத் தெரியும். சின்னப்பெண் பிரோஸ்கோவியாவை ஜெயித்தால் போகலாம் என்றார் செபுன்யா. கூடவே ஒரு குத்தல்.

"பிள்ளை அழுதுச்சுன்னு நடுவுல ஓடினே, அத்தோட சரி. அப்படிப்பட்டவ கையில நாட்டுக் கொடியக் குடுக்க முடியாது."

"ஓடமாட்டேன் ஐயா."

காலையில் தொடங்க வேண்டிய ஆட்டம். தேர்வாளர்கள் மட்டோக்கே வாழைக்காய் மசியலை ஒரு பிடி பிடித்துவிட்டு, ஏப்பம் விட்டபடி மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். பாவிகள்! ரெஸ்டிக்குப் பால் கட்டி மார்பு கல்லாகக் கனத்துவிட்டது. கடைசி செட்டில் இருவரும் சமமாக நின்றபோது, நாத்தனார் கெவினா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அரங்கத்துக்குள் ஓடிவந்தாள். மிரெம்பே வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

"அண்ணி, எதைக் குடுத்தாலும் துப்புறா! தொண்டையே கட்டிப்போச்சு!"

குரல் கேட்டதுதான் தாமதம், ரெஸ்டியின் பனியன் முன்பக்கம் நனைந்துவிட்டது. கூட்டம் விசில் அடித்தது.

"ஏய், தண்ணி பாட்டில் எதுக்கு, அங்கேயே இருக்கே!"

"பந்துக்கும் ஒரு வாய் குடும்மா!"

ரெஸ்டி நடுவரைப் பார்த்தாள். வெளியே போனால் தோல்வி என்றார் அவர். பல்லைக் கடித்துக்கொண்டு பந்தை எடுத்தாள். பிள்ளையின் பக்கம் திரும்பவே இல்லை. வலை ஓரம் ஒரு தட்டு, பின்கோட்டில் ஓர் அடி. ஜெயித்துவிட்டாள்.

தேர்வாளர்கள் தலையோடு தலை வைத்துக் குசுகுசுத்தார்கள். பிறகு செபுன்யா எழுந்து அறிவித்த பெயர் பிரோஸ்கோவியா.

ரெஸ்டி ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள். "ஐயா, ஜெயிச்சது நான்."

"யாரு இல்லேன்னது? ஆனா பெத்த பிள்ளை துடிக்குது, நீ திரும்பிக்கூடப் பாக்கல. உன்னை அனுப்பினா ஜனங்க எங்க மூஞ்சில காறித் துப்பும்."

"ஓடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்தான்." அவர் குடையை எடுத்துக்கொண்டார். "எந்தத் தாய் அதைக் கேப்பா?"

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். ரெஸ்டி தரையில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மிரெம்பே அழுது களைத்துத் தூங்கிவிட்டிருந்தது. எழுப்பி மார்பில் வைத்துப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை.