அன்னாசி அறுவடை

புத்தாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜெர்மன் நகரமான டோர்ட்மண்டில் வளர்ந்த நான், தெற்கே ஒரு சிறு நகரத்து அரண்மனையில், பழந்துணிகளைப் பழுதுபார்க்கும் கூடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன்.

முதல் பெரிய வேலையாக என் கைக்கு வந்தது, பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் கம்பளியும் பட்டும் கலந்து நெய்த ஒரு சித்திரத் திரை. சுவரளவு உயரத்தில் ஒரு கற்பனைச் சீனா: குடைகள், குரங்கு, மணி தொங்கும் கூரை, கூடையோடு குனிந்து நிற்கும் பெண்கள். பதிவேட்டில் அதன் பெயர் ‘பைன் காய் பொறுக்கும் சீனர்கள்’.

“இது பைன் காய் இல்லை, அன்னாசி” என்று கூடத்தின் தலைவியிடம் சொன்னேன்.

“செதிலைப் பாருங்கள், பழுப்பு நிறத்தைப் பாருங்கள்” என்றார் அவர், ஜெர்மனில், பொறுமையாக.

“ஆனால் காய் நிலத்துச் செடியில் நிற்கிறது. பைன் காய் மரத்திலல்லவா தொங்கும்?”

பின்பக்கத்து உறைத்துணியைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். தலையசைத்தார். தையல்களை ஒவ்வொன்றாக வெட்ட இரண்டு நாள் பிடித்தது.

வெளிச்சம் படாத பின்பக்கத்தில் நிறங்கள் நேற்றுச் சாயம் தோய்த்தவைபோல் இருந்தன. ஐந்து பழங்களில் நான்கு, பிற்காலத்தில் பழுப்புக் கம்பளியால் நெய்து சேர்த்தவை. ஐந்தாவதில் பாதி மட்டும் பழைய பட்டு: பொன்மஞ்சள், மேலே வாள்போன்ற இலைக்கொத்து. அன்னாசியைக் கண்டேயிராத யாரோ ஒரு கைவினைஞர், தனக்குத் தெரிந்த காயை நெய்து வைத்திருக்கிறார். வேலை என்னவோ படுசுத்தம்.

தலைவி உருப்பெருக்கியோடு நெடுநேரம் குனிந்திருந்தார்.

“நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் அந்த ஒட்டைப் பிரிக்கக் கூடாது. அதுவும் இப்போது இதன் வரலாறு.”

எனக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆனால் அறிக்கையை என்னையே எழுதச் சொன்னார். ஒரு வரிகூடத் தயங்காமல் எழுதினேன்.

‘அன்னாசி அறுவடை’ என்ற புதிய பெயர்ப்பலகையோடு திரையை மறுபடி மாட்டியபோது அம்மா ரயிலேறி வந்தார்.

“இவை சீனரோ? மூக்கைப் பாத்தால் இஞ்சத்தை ஆக்கள் மாதிரிக் கிடக்கு.”

“சீனாவைக் காணாத ஆக்கள் கீறின படம், அம்மா.”

அம்மா கிட்டப் போய் நின்றார். “இது அன்னாசியெல்லோ? ஏன் கருகிப்போய்க் கிடக்கு?”

நடந்ததைச் சொன்னேன்.

“அப்ப பேரை மாத்துவிச்சது நீயோ?”

“ஓம்.”

பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஜெர்மன் பெண்ணிடம் அம்மா திரும்பி, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், அந்தப் பெயர்ப்பலகையைக் காட்டி என்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் தடுக்கவில்லை.